சிக்கனமும் சேமிப்பும் குடும்பத்தின் சுதந்திரமும்

(மாமல்லபுரம் கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில், மகளிர் சுய உதவிக் குழுவினரும் மீனவரும் உழவரும் சிற்பத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

என்னைப் பேசுமாறு பணித்திருக்கும் பொருள் சேமிப்பு. அரசு அலுவலர் ஒருவர் இப்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்போர் முகத்தில் ஒரு சலிப்புத் தோன்றுவது வழக்கம். அது நியாயமான சலிப்பேயாகும். மாதம் முடிந்ததும் சம்பளம் பெறுகிறவன், கடலிலும் வயலிலும் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவரைப் பார்த்து, “சிக்கனமாக இருங்கள்” என்று உபதேசம் செய்தால் யாருக்குத்தான் சலிப்பு வராது? ஆகையால் முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். அரை வயிறு உண்பவரைக் கால் வயிறாக்கிக் கொள்ளும்படி சொல்ல நான் வரவில்லை. குழந்தையின் பாலையும் நோயாளியின் மருந்தையும் குறைத்துச் சேர்க்கும் பணம் சேமிப்பு ஆகாது. வருமானமே போதாத குடும்பத்திற்கு வருமானத்தைப் பெருக்கும் வழி காட்டுவது அரசின் கடமை. அதை வேறொரு நாள் பேசுவோம். வருகின்ற பணம் நம் கையில் தங்காமல் எங்கே போகிறது, அதைத் தங்கச் செய்வது எப்படி, தங்கிய பணத்தை எங்கே வைப்பது என்ற மூன்று கேள்விகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சுதந்திரம் என்பது எது?

பொருளாதார சுதந்திரம் என்றால் மாடி வீடும் மோட்டார் வண்டியும் என்று பலர் எண்ணுகின்றனர். என் கருத்தில் அதன் பொருள் மிகவும் எளியது. “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய வலிமையே சுதந்திரம்.

மீனவர் ஒருவர் விடியற்காலையில் கரை சேருகிறார். வலையில் நல்ல வஞ்சிரம் விழுந்திருக்கிறது. அதைக் கூடுதல் விலை தருபவருக்கு விற்க அவரால் இயலுமானால் அவர் சுதந்திர மனிதர். படகுக்கும் இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்றால், படகு அவர் பெயரில் இருந்தும் அவர் பிறருடைய ஆள்தான். உழவர் ஒருவர் அறுவடை நாளன்று நெல் விலை தாழ்ந்திருப்பதைக் கண்டு, “ஒரு மாதம் பொறுத்து விற்கிறேன்” என்று சொல்ல முடியுமானால் அவர் சுதந்திரர். சிற்பி ஒருவர், பாதி விலைக்குச் சிலை கேட்கும் தரகரிடம், “இந்த விலைக்கு என் உளி கல்லைத் தொடாது” என்று சொல்ல முடியுமானால் அவரும் சுதந்திரர். இம்மூவருக்கும் அந்த வலிமையைத் தருவது எது? இரண்டு மூன்று மாதம் அடுப்பெரியத் தேவையான பணம் வீட்டில் இருக்கிறது என்ற நிச்சயமே.

நம் முன்னோரின் ஏரிகள்

சேமிப்பு என்ற பாடம் செங்கற்பட்டுச் சீமைக்குப் புதிதன்று. இது ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் பெற்றது. பாலாற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில வார மழையை ஆண்டு முழுவதற்கும் ஆக்கிக்கொள்ள நம் முன்னோர் கண்ட உபாயமே ஏரி. மதுராந்தகம் ஏரியைப் பாருங்கள். அதற்கு உயர்ந்த கரை உண்டு; நீரை அளவாக வெளியே விட மதகு உண்டு; மிகுந்த நீர் கரையை உடைத்துவிடாமல் வெளியேறக் கலங்கல் உண்டு. இந்த மூன்றில் எது பழுதுபட்டாலும் ஏரி பயன்படாது.

நம் வருமானமும் இம்மழையைப் போன்றதே. மீனவருக்குப் பருவத்தில் பணம் கொழிக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் கடல் சீறி நிற்கும். அப்போது கையில் காசு இராது. உழவருக்கு அறுவடையில் வரும், நடவில் போகும். சிற்பிக்கும் கடைக்காரருக்கும் பயணிகள் வரும் மாதங்களில் வரும், கோடையில் வற்றும். மாதச் சம்பளக்காரனுக்குச் சிறு குளம் இருந்தாலும் போதும். நமக்கோ ஏரி வேண்டும். நிலையற்ற வருமானம் உடையவர்க்கே சேமிப்பு மிகுதியும் தேவை என்பதை இதனால் அறியலாம்.

வறட்சி எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை வந்து இக்கரையின் படகுகளையும் வலைகளையும் வாரிச் சென்றது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் மாமல்லபுரத்துச் சிற்பங்களின் வாயில்கள் பல மாதம் அடைபட்டுக் கிடந்தன. பயணிகளை நம்பியிருந்த கடைகள் வெறிச்சோடின. 2025-ஆம் ஆண்டுக் கோடையில், தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சுப் பரவியதால், நல்ல பழம் விளைவித்த உழவரும் விலையின்றித் தவித்தனர். இவற்றில் எதுவும் உழைத்தவரின் குற்றத்தால் வந்ததன்று. குற்றமற்றவருக்கும் துன்பம் வரும் என்பதனாலேயே கையிருப்பு வேண்டும் என்கிறோம்.

ஏரிக்கரையில் உள்ள ஓட்டைகள்

கரையில் நண்டு வளை இருந்தால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. நம் குடும்பங்களின் கரையில் உள்ள பெரிய வளை வட்டியாகும். சேமிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடனைப் பற்றிப் பேசியே தீரவேண்டும்.

தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். “பத்தாயிரம் ரூபாய்க் கடன்” என்று பெயர். கையில் தருவதோ 8,500 ரூபாய். 1,500 ரூபாய் முன்னதாகவே பிடிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே நாம் திருப்பிக் கட்டி வருவதால், நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருந்த பணம் 4,250 ரூபாய் அளவே. அதற்கு மூன்று மாதத்திற்குச் சற்று அதிகமான காலத்தில் 1,500 ரூபாய் வட்டி தந்திருக்கிறோம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறு ரூபாய்க்கும் அதிகமான வட்டி இது. எந்த வயலும் எந்த வலையும் இவ்வளவு விளைவு தருவதில்லை.

“மூன்று வட்டி” என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு, பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். 72 என்ற எண்ணை ஆண்டு வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை ஆண்டு ஆகும் என்பது தெரியும். 36 வட்டியில் வாங்கிய கடன் கட்டப்படாமல் கிடந்தால் இரண்டே ஆண்டில் இரட்டிக்கும். 6 வட்டியில் போட்ட சேமிப்பு இரட்டிக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். எனவே, 36 வட்டிக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு 6 வட்டிச் சேமிப்பைத் தேடி அலைவது, மதகைத் திறந்துவிட்டு ஏரிக்கு நீர் இறைப்பதற்குச் சமம். முதற் சேமிப்பு, வட்டி மிகுந்த கடனை அடைப்பதே.

மீனவர் வாங்கும் முன்பணத்திற்கு வட்டியே இல்லை என்று சிலர் சொல்வர். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கியிருப்பதாகவும், அதற்காக அவர் விற்கும் மீனின் விலையில் நூற்றுக்கு ஐந்து கழிக்கப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டில் அவர் ஆறு லட்சம் ரூபாய் மீன் பிடித்தால் கழிவு 30,000 ரூபாய். அதுவே நூற்றுக்கு முப்பது வட்டி. இத்தனையும் கொடுத்த பின்பும் முதலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. தகப்பன் வாங்கிய முன்பணம் மகன் தலையில் ஏறுவது இவ்வாறே.

கூட்டு முயற்சியின் வரலாறு

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு; அதன் வரலாற்றில் நம் மாவட்டத்திற்குப் பெருமையான இடமும் உண்டு. சென்னை மாகாண அரசு, உழவரின் கடன் தொல்லையைத் தீர்க்க வழி ஆராயுமாறு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாகத் தம் அறிக்கையை அளித்தார். ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் சிற்றூர்களின் நிர்வாகியாக இருந்து, 1846-47-இல் ஏற்பட்ட பஞ்சத்தில் மக்கள் கடனில் மூழ்குவதைக் கண்டு, ஊராரே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கங்களை வளர்த்தவர். அவரைப் போன்றவர்கள் நம் ஊர்களிலும் தோன்ற வேண்டும் என்பதே நிக்கல்சன் அறிக்கையின் சாரம்.

1904-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த திரூரில், நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. திரூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. எனினும் அச்சங்கம் பழைய செங்கற்பட்டின் செல்வமே. பின்னாளில் இதே நிக்கல்சன் மாகாணத்தின் மீன்வளத்துறைக்கு அடித்தளமிட்டார் என்பது நம் மீனவ நண்பர்கள் அறிய வேண்டிய செய்தி.

மீனவர் தாமே கூடி இவ்வழியில் வென்றதற்கும் சான்று உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு என்னும் கடற்கரைச் சிற்றூரில், மீனவர்கள் சங்கம் அமைத்து, கரையில் மீன் ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினர். அம்முயற்சி பரவி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. கன்னியாகுமரிக் கரைக்கும் அது வந்தது. அதன் முறை மிகவும் எளியது. படகு கரை சேர்ந்ததும் சங்கம் மீனை ஏலம் விடுகிறது. விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி கடனுக்கும், மற்றொரு சிறு பகுதி சேமிப்புக்கும் அங்கேயே பிடிக்கப்படுகிறது. எஞ்சியது மீனவர் கைக்கு வருகிறது. மிகுதியாகப் பிடித்த நாளில் மிகுதியாகக் கழிகிறது. வலை வெறுமையாக வந்த நாளில் ஒன்றும் கழிவதில்லை. கடலின் போக்கை அறிந்தவர்கள் வகுத்த முறை இது. மாதத் தவணையை விட மீனவனுக்கு இதுவே பொருத்தம். இக்கரையில் உள்ள சங்கங்களும் இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

சேமிப்பின் மூன்று படிகள்

இனி வழிமுறைக்கு வருவோம். சேமிப்பை மூன்று படிகளாகக் கொள்வது நலம்.

முதற்படி, ஆபத்துக்கான கையிருப்பு. இரண்டு அல்லது மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு ஆகும் தொகை. இதை வட்டிக்காக வைப்பதில்லை. வேண்டிய போது எடுப்பதற்காக வைக்கிறோம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ வங்கிக் கணக்கோ இதற்குத் தகுந்த இடம். அரிசிப் பானையிலும் தலையணை உறையிலும் வைத்தால் முதல் விருந்தாளியோடு அது போய்விடும்.

இரண்டாம் படி, காப்பீடு. இதைச் செலவு என்று எண்ணுவது தவறு. பிரதம மந்திரியின் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டிற்கு ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டில் 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். கட்டணம் 436 ரூபாய். எக்காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம். இவ்விரண்டும் 2015-இல் தொடங்கியவை. இரண்டிற்கும் சேர்த்து ஆண்டுக்கு 456 ரூபாய். நாளுக்கு ஒன்றேகால் ரூபாய். கடலுக்குச் செல்பவர் வீட்டில் இந்த இரண்டும் இல்லாதிருத்தல் ஆகாது. கட்டணம் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் நாளில் அதில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், வாரிசின் பெயரைப் பதிவு செய்வதும் முக்கியம்.

மூன்றாம் படி, நெடுநாள் சேமிப்பு. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். காலம் ஐந்து ஆண்டு. ஓராண்டு தவறாமல் கட்டியபின் அவசரத்திற்கு அதன் பேரில் பாதி வரை கடனும் கிடைக்கும். நாளுக்கு 20 ரூபாய் வீதம் மாதம் 600 ரூபாய் போடுகிறோம் என்போம். வட்டி வீதம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரசால் அறிவிக்கப்படுவதால், கணக்குக்காக நூற்றுக்கு ஆறு என்று கொள்வோம். ஐந்தாண்டில் கட்டியது 36,000. கிடைப்பது ஏறத்தாழ 42,000. இதையே இருபது ஆண்டு விடாது செய்தால் கட்டியது 1,44,000. கிடைப்பது ஏறத்தாழ 2,77,000. முதல் ஐந்தாண்டில் வட்டி மெலிந்து தோன்றும். பிற்பகுதியில் வட்டியே வட்டியை ஈன்று பெருகும். ஆகவே இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: தொகை சிறிதாயினும் காலம் நீண்டதாயிருக்கட்டும். 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை உள்ள வீட்டார் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். 18 முதல் 40 வயதுக்குட்பட்ட உழைப்பாளர் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தால், செலுத்தும் தொகைக்கு ஏற்ப 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை ஓய்வூதியம் கிடைக்கும்.

மீனவருக்கென்றே ஒரு திட்டம் உள்ளது. சேமிப்பும் நிவாரணமும் இணைந்த அத்திட்டத்தில், மீனவர் தம் பங்காக 1,500 ரூபாய் கட்டினால், அரசின் பங்கு 3,000 ரூபாய் சேர்ந்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகக் கிடைக்கிறது. மீனவ மகளிருக்கும் இவ்வகையில் திட்டம் உண்டு. ஒரு பங்கு போட்டால் மூன்று பங்காகத் திரும்பும் முதலீடு வேறெங்கும் கிடையாது. இதில் சேராத மீனவக் குடும்பம் எதுவும் இக்கரையில் இருக்கக் கூடாது.

விலைவாசி ஏறுவதால் பணத்தின் மதிப்புக் குறைகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். விலை ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு ஏறினால், பானையில் கிடக்கும் பணத்தின் வாங்கும் சக்தி பன்னிரண்டு ஆண்டில் பாதியாகும். எனவே சேமிப்பில் ஒரு பகுதி விளைவு தரும் பொருளாக மாற வேண்டும். கறவை மாடு, நல்ல வலை, தையல் இயந்திரம், கல் அறுக்கும் இயந்திரம், பிள்ளையின் தொழிற்கல்வி ஆகியவை நம் ஊர்களுக்கு ஏற்ற முதலீடுகள். மணற்பாங்கான மேட்டு நிலத்தில் சவுக்கு நடும் உழவர் இதை அறிவர். நட்ட கன்று மூன்று முதல் ஐந்து ஆண்டில் மரமாகி, மொத்தமாகப் பணம் தருகிறது. அது வளரும் வங்கி. பங்குச் சந்தையிலும் பரஸ்பர நிதியிலும் முதலிட விரும்பும் படித்த இளைஞர்கள், முதல் இரண்டு படிகளையும் முடித்த பின்னர், பத்தாண்டு வரை தேவைப்படாத பணத்தை மட்டும், செபி அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனங்கள் மூலம் போடட்டும். கடன் வாங்கிப் பங்கு வாங்குவது முதலீடாகாது, அது சூதாட்டமே.

நகையைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு சொல். தங்கம் ஆபத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய நகையை விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. சேமிப்புக்காக வாங்குவதாயின் வேலைப்பாடு குறைந்ததை, முத்திரை பார்த்து வாங்குங்கள். அடகு வைக்க நேர்ந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து ரசீது பெறுங்கள்.

அன்றாடச் செலவில் விவேகம்

பெரிய செலவுகளில் நாம் யோசிக்கிறோம். சிறிய செலவுகளில் யோசிப்பதில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஒரு மாதம் மட்டும் எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. நாளுக்கு நூறு ரூபாய் மதுவுக்குப் போனால் ஆண்டுக்கு 36,500 ரூபாய். அது நாம் கணக்கிட்ட ஐந்தாண்டுச் சேமிப்பை ஒரே ஆண்டில் விழுங்கும் தொகை. தவணையில் வாங்கும் கைபேசி, விருந்துக்காக வாங்கும் கடன், ஊர் மெச்ச நடத்தும் காதணி விழா ஆகியவை பற்றி நான் கூறத் தேவையில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி, சடங்குச் செலவுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டால், யாருக்கும் தனியே கௌரவக் குறைவு ஏற்படாது. ஒருவர் மட்டும் சிக்கனமாக இருந்தால் கஞ்சன் என்பார்கள். ஊரே இருந்தால் அது ஒழுங்கு.

2023 செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப் பெற்றது. மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்கில் சேர்கிறது. அது உங்கள் பணம். எவ்வாறு செலவிடுவது என்பது உங்கள் உரிமை. அதில் 200 ரூபாய் தொடர் வைப்புக்குப் போகுமானால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆகும். மகள் கல்லூரியில் சேரும் நாளில் தண்டல்காரரின் வாசலில் நிற்காமல் இருக்க அது போதும்.

மகளிர் குழுக்களின் பலம்

தமிழகத்தில் மகளிர் குழு இயக்கம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முறையை நாடு முழுவதற்கும் வகுத்தது. குழுவுக்குள் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வட்டி வாங்குகிறீர்கள். அந்த வட்டி வெளியே போவதில்லை. குழுவின் நிதியாக உங்களுக்கே திரும்புகிறது. குழுவின் உயர்வு இதில்தான் இருக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஒரே வீட்டில் குழுக் கடன், வாரத் தவணைக் கடன், நகைக் கடன், கைபேசிச் செயலிக் கடன் என்று நான்கு கடன்கள் சேர்ந்து, ஒன்றை அடைக்க மற்றொன்று வாங்கும் நிலை பல இடங்களில் உள்ளது. புதுக் கடனுக்குக் கையெழுத்திடும் முன் குழுக் கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “இந்தப் பணம் எதை ஈட்டும்?” ஈட்டாத கடனைக் குழு ஊக்குவிக்கக் கூடாது. வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-லும், கட்டாய வசூலைத் தடுக்க 2025-லும் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. இழிசொல் கேட்டு வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

ஆசை காட்டுவோரிடம் எச்சரிக்கை

சேர்த்த பணத்தைக் காப்பது சேர்ப்பதினும் அரிது. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னையின் பெருமை வாய்ந்த அர்பத்நாட் நிறுவனம் நொடித்து வீழ்ந்தது. வெள்ளைக்காரர் நிறுவனம், நெடுநாளையது என்று நம்பிப் பணம் போட்டிருந்த ஏராளமானோர் தெருவில் நின்றனர். அந்தப் பேரிழப்பின் படிப்பினையாகவே 1907 ஆகஸ்டு 15-இல் இந்தியன் வங்கி நிறுவப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அதே பாடத்தை மீண்டும் மீண்டும் படித்து வருகிறோம். மாதம் பத்து வட்டி, இரண்டே ஆண்டில் இரட்டிப்பு, தீபாவளிச் சீட்டுக்குத் தங்கக் காசு என்ற விளம்பரங்களை நம்பி நம் வடமாவட்டங்களில் எத்தனை குடும்பங்கள் இழந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சோதித்துப் பார்க்கச் சில வழிகள் சொல்கிறேன். வங்கி தரும் வட்டியைப் போலப் பல மடங்கு தருவதாக ஒருவர் சொன்னால், பின்னால் வந்தவர் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள். ஏலச்சீட்டு நடத்துபவர் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வங்கி வைப்புக்கு, கூட்டுறவு வங்கிகள் உட்பட, ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இது 2020 முதல் உள்ள அளவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இக்காப்பீட்டு வரிசையில் சேர்வதில்லை என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். அஞ்சலகச் சேமிப்புக்கு அரசே பொறுப்பு. கைபேசியில் ரகசிய எண் கேட்பவர் யாராயினும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நேரம் கடந்தால் பணம் கைமாறிவிடும்.

நிலம் விற்ற பணம்

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு செய்தியைக் கூறாமல் என் உரையை முடிக்க இயலாது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் வளர்ந்தபின், நம் ஊர்களில் நிலத்தின் விலை நினைத்துப் பாராத அளவுக்கு ஏறியது. கம்பும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் மனைகளாயின. தலைமுறை தலைமுறையாக ஒரு லட்சத்தைச் சேர்த்துக் கண்டிராத குடும்பங்களின் கையில் பல லட்சம் வந்தது. சிலர் அதனால் உயர்ந்தனர். பலர் வீட்டில் அப்பணம் நான்கைந்து ஆண்டுகூட நிற்கவில்லை. வண்டி வந்தது, விருந்து நடந்தது, உறவினர் கைம்மாற்று வாங்கினர், தொழில் தெரியாத தொழிலில் பணம் இறங்கியது. முடிவில், தன் நிலமாக இருந்த இடத்தில் எழுந்த விடுதியின் வாயிலில் காவல் நிற்பவரும் நம்மிடையே உண்டு. உழைத்துப் பிழைப்பதில் இழிவில்லை. ஆனால் உரிமையாளராக இருந்தவர் ஊழியராக நிற்பதைக் காண நெஞ்சு பொறுப்பதில்லை.

நிலம் விற்றாக வேண்டிய நிலை வந்தால் சில விதிகளைக் கடைப்பிடியுங்கள். பணம் வந்த முதல் ஆறு மாதம் அதை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைத்துவிட்டு, எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். முதலில் கடனைத் தீருங்கள். வருமான வரி உண்டா என்பதைத் தக்காரிடம் கேட்டறியுங்கள். நிலம் போன இடத்தில் நிலமோ, மாத வருவாய் தரும் வைப்போ வரவேண்டும். முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் செலவிடுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வையுங்கள். பெண்மக்களின் பங்கை மறவாதீர்கள். நிலம் என்பது நம் முன்னோர் நமக்காகச் செய்த சேமிப்பு. அதை விற்பவர், அடுத்த தலைமுறையின் ஏரியைத் திறந்துவிடுகிறோம் என்ற நினைவோடு மதகில் கை வைக்க வேண்டும்.

முடிவுரை

தாய்மார்களே, நண்பர்களே! அலுவலர்கள் வருவார்கள், மாறுவார்கள். திட்டங்களின் பெயர்களும் மாறும். உங்கள் பாஸ்புத்தகத்தில் உள்ள எண் மட்டும் உங்களோடு இருக்கும். ஆகையால் ஊராட்சிக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவதாக, காப்பீடு இல்லாத வீடுகளின் பட்டியலை மகளிர் குழுக்கள் தெருவாரியாகத் தயாரித்து வரும் மாதக் கூட்டத்தில் கொண்டு வாருங்கள். வங்கி அலுவலரை நான் அழைத்து வருகிறேன். இரண்டாவதாக, முன்பணக் கடனில் உள்ள மீனவர்கள் தத்தம் கணக்கை எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் முன்வந்தாலும் அவர்களைச் சங்கத்தின் மூலம் வங்கிக் கடனுக்கு மாற்றும் முயற்சியை மீன்வளத் துறையோடு கூடித் தொடங்கலாம். மூன்றாவதாக, ஒவ்வொரு வீட்டாரும் ஒரு மாதம் செலவுக் கணக்கு எழுதுங்கள். அதை எனக்குக் காட்டவேண்டியதில்லை. உங்களுக்குள் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் ஏரிக்கரையைச் செப்பனிடுவது நம் ஊர் வழக்கம். மழை பெய்யத் தொடங்கிய பின் மண்வெட்டி தேடுவோர் இல்லை. வீட்டுக் கணக்கிலும் அந்த வழக்கத்தைக் கொள்வோமாக.